காவிரிக் கரையில் எஃகுத் தலைக்கவசம்

எஃகுத் தலைக்கவசம் காவிரிப் படுகையில் பிறந்த பொருள் அன்று. வண்டல் மண்ணில் இரும்புக்கல் கிடையாது. உருக்கு மேற்கேயுள்ள சேலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து வர வேண்டியிருந்தது. அதை அணியும் வழக்கமோ குதிரைப்படையோடு வடக்கிலிருந்து வந்தது. வந்து சேர்ந்த பிறகு இங்குள்ள வெயிலும் ஈரமும் அதைத் தம் போக்குக்கு மாற்றிக்கொண்டன. ஆகவே தஞ்சை நாட்டில் தலைக்கவசத்தின் வரலாறு கொல்லர் அடித்த இரும்புக் கிண்ணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதனுள் வைத்துத் தைத்த துணிக்கும், மேலே பூசிய எண்ணெய்க்கும், ஆண்டு முழுதும் அதைத் துடைத்துவைத்த கைகளுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

பழந்தமிழ்ப் போர்வீரன் பெரும்பாலும் கேடயத்தையே நம்பியவன். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகரின் மகன்; துறைமுகத்தில் வந்திறங்கும் பலநாட்டு மக்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர். பாசறையில் அரசனின் கூடாரத்தைக் காக்கும் யவனரை அவர் காட்டும்போது அவர்கள் அணிந்த சட்டையைத் தனியே எடுத்துச் சொல்கிறார். உடம்பை மூடிக்கொண்டு காவல் நிற்பது அயலார் தோற்றமாகப் பட்டதால்தான் அது சொல்லத்தக்க செய்தியாயிற்று என்று கொள்ளலாம். செங்கம் பகுதி நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களுக்கும் தலையில் இருப்பது முடிந்த கொண்டைதான்.

சோழர் காலத்திலும் நிலை பெரிதாக மாறவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயரைத் தருகின்றன: ஆனையாட்கள், குதிரைச்சேவகர், வில்லிகள், வேளைக்காரர், தெரிந்த கைக்கோளர். ஆயுதத்தாலும் ஊர்தியாலும் அரசனுடைய விருதுப் பெயராலும் அமைந்த பெயர்கள் இவை. 1225-ல் சீன அதிகாரி சாவ் ருகுவா எழுதிய நூல் சோழநாட்டில் 60,000 போர்யானைகள் இருந்ததாகவும், அவற்றின் முதுகில் அமைத்த மாடங்களில் வீரர்கள் இருந்து தொலைவில் அம்பெய்தும் அருகில் ஈட்டியால் குத்தியும் போரிட்டதாகவும் சொல்கிறது. அவர் இங்கே வந்தவர் அல்லர், வணிகரிடம் கேட்டு எழுதியவர். எண்ணிக்கை மிகையாகவே இருக்க வேண்டும். போர்முறை பற்றிய செய்தி நம்பத்தக்கது. யானை மேல் இருப்பவன் எல்லாருடைய கண்ணுக்கும் இலக்கு. தக்கோலத்தில் 949-ல் இராசாதித்தனும், கொப்பத்தில் 1054 அளவில் முதலாம் இராசாதிராசனும் யானை மேலேயே உயிரிழந்தார்கள். கல்வெட்டுகள் அவர்களை ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்றே நினைவுகூர்கின்றன.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டார் வேலும் கேடயமும் மட்டும் கொண்டு வெற்றுடம்போடு போருக்குப் போகிறார்கள் என்று எழுதினார். துணியை வெட்டித் தைக்கும் தையற்காரரே இங்கில்லை என்பதும் அவர் குறிப்பு. வெனிசிலிருந்து வந்தவருக்கு அது வியப்பாக இருந்திருக்கலாம். காவிரிக்கரைக்காரருக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் படுகை முழுவதும் சேறு; வாய்க்கால், வரப்பு, நாற்றங்கால் என்று குதிரையும் வண்டியும் போக வழியில்லாத நிலம். மேட்டூர் அணை 1934-ல் வருவதற்கு முன் தண்ணீர் வரத்து முழுக்கப் பருவத்தின் கையில் இருந்தது. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் பெரும்படை தாராளமாக நடமாட முடியும். அதாவது, படையெடுப்புக்கு ஏற்ற மாதங்கள் மாசி முதல் ஆனி வரை. அவைதான் ஆண்டின் கடும்வெயில் மாதங்கள். சித்திரை வெயிலில் கிடக்கும் இரும்புத் தகட்டைத் தொட்டவர்களுக்கு, அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள ஏன் யாரும் முன்வரவில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து தஞ்சைத் தலைக்கவசத்தின் இரட்டைச் சிக்கல் புரியும். போர்க்காலத்தில் அது வெயிலில் காய்கிறது. மழைக்காலத்தில் ஆயுதக்கூடத்தில் தொங்கித் துருப்பிடிக்கிறது. அணிபவனுக்கு வெப்பம் பகை, காப்பவனுக்கு ஈரம் பகை. பின்னால் வந்த ஏற்பாடுகள் எல்லாம் இந்த இரண்டையும் சமாளிக்க எழுந்தவையே.

மாற்றம் விஜயநகரத்தோடு வந்தது. தக்காணத்துச் சுல்தான்களின் குதிரைப்படையை எதிர்கொள்ள விஜயநகர அரசர்கள் அரபு, பாரசீகக் குதிரைகளைக் கடல்வழி வாங்கிக் குவித்தார்கள். குதிரையோடு குதிரைவீரனின் உடுப்பும் வந்தது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ், மகாநவமி விழா முடிவில் அரசர் படையைப் பார்வையிட்டதை நேரில் கண்டு எழுதினார். வீரர்களின் அங்கிகள் கெட்டியான பதனிடாத தோலைப் பல அடுக்காக வைத்துத் தைக்கப்பட்டு, உள்ளே இரும்புத் தகடுகள் வைக்கப்பட்டவை. சிலவற்றின் தகடுகள் பொன்முலாம் பூசியவை, சில வெள்ளியால் ஆனவை. தலையணிகளும் அதே செய்முறையைச் சேர்ந்தவை: பிடரியை மறைக்கும் விளிம்பும், முகத்தைக் காக்கும் தனித் துண்டும் அவற்றுக்கு உண்டு. தென்னிந்தியத் தலைக்கவசம் பற்றிக் கண்ணால் கண்டவர் எழுதிய விவரங்களில் இதைப்போல் தெளிவானது வேறு கிடைப்பது அரிது. இதில் உலோகம் துணைப்பொருளாக நிற்பதும் கவனிக்கத்தக்கது. தோலும் துணியும் உடலாக அமைய, இரும்பு அதற்குள் எலும்புபோல் வைக்கப்பட்டது.

1532 அளவில் சேவப்ப நாயக்கர் தஞ்சையில் ஆட்சியைத் தொடங்கியபோது இந்தப் படைவழக்கமும் காவிரிக்கரைக்கு வந்தது. அவருக்குப்பின் அச்சுதப்பர், இரகுநாதர், விசயராகவர் என்று 1673 வரை நாயக்கர் ஆண்டார்கள். கல்லணைக்கு அருகே தோப்பூரில் 1616-ஐ ஒட்டி நடந்த பெரும்போரில் விஜயநகர வாரிசுரிமைக்காகத் தென்னாட்டு நாயக்கர்கள் இரு அணியாக மோதினார்கள். இரகுநாதர் வென்ற அணியின் தலைவர். தஞ்சைப் பட்டறைகள் மிக உயர்ந்து நின்ற காலமும் இதுதான். இரும்பைச் செதுக்கித் துளையிட்டு யாளி, மயில், தாமரை, மகரம் என்று கோயில் தூண்களில் காணும் உருவங்களையே கட்டாரியின் கைப்பிடியிலும் யானை அங்குசத்திலும் கொண்டுவந்தார்கள். கைக்கு மேல் குடைபோல் வளைந்து மணிக்கட்டைக் காக்கும் தகடுடைய கட்டாரி தஞ்சையின் தனி முத்திரை. அவற்றில் பலவற்றின் அலகுகள் கடல் கடந்து வந்த ஐரோப்பிய வாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியரும், 1620 முதல் தரங்கம்பாடியில் டேனியரும், 1658-க்குப் பின் நாகையில் டச்சுக்காரரும் இருந்ததால் அயல்நாட்டு எஃகு எளிதில் கிடைத்தது.

உள்நாட்டு உருக்குக்கும் குறைவில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்புக்காலத்து உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சேலத்துக் கஞ்சமலையின் காந்த இரும்புக்கல் 19-ஆம் நூற்றாண்டு வரை உருக்கப்பட்டது. 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத் இந்நாட்டு மூசை உருக்கின் செய்முறையை எழுதிவைத்தார். சிறுசிறு தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்துக் களிமண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, மேலே மண்ணால் வாய் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளைச் சிறு உலையில் வளைவாக அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். மூசை ஆறிய பின் உடைத்தால் அடியில் உருக்குக் கட்டி இருக்கும். ஆவாரையும் எருக்கும் தந்த கரியே இரும்பை எஃகாக்கியது. லண்டனில் 1795-ல் ஜார்ஜ் பியர்சன் இதை ஆய்ந்து ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை படித்தார். மைக்கேல் ஃபாரடேயும் ஸ்டோடார்ட்டும் 1820-ஐ ஒட்டி இதன் இரகசியத்தைத் தேடினார்கள். ஊர்க் கொல்லர் ஆவாரங்குச்சியால் செய்த வேலை அது.

மூசை உருக்கு வாளுக்கு உயிர். தலைக்கவசத்துக்கோ அது எப்போதும் ஏற்றதன்று. கரிச்சத்து மிகுந்த எஃகை மிகையாகக் காய்ச்சினால் சுத்தியலடியில் நொறுங்கும். அதைத் தகடாக இழுத்து ஆழமான கிண்ணமாக வளைப்பது மிகுந்த பொறுமையைக் கேட்கும் வேலை. சாதாரணத் தலைக்கவசத்துக்கு மென்மையான தேனிரும்பும் குறைந்த கரியுள்ள எஃகும் போதும். வட்டத் தகட்டை உலையில் காய்ச்சி, பள்ளமான அடைகல்லில் வைத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுற்றிச்சுற்றி அடித்து இறக்குவார்கள். அடிக்க அடிக்க இரும்பு இறுகும், மீண்டும் காய்ச்சி இளக்க வேண்டும். உச்சந்தலையில் கனம் கூடுதலாகவும் பக்கங்களில் குறைவாகவும் நிற்கும்படி அடிப்பதில்தான் கொல்லரின் கைத்திறன் தெரியும். வாள் மேலிருந்துதான் இறங்கும்.

தஞ்சைக் கொல்லர்களுக்கு இது இயலுமா என்ற ஐயம் எழுந்தால் கீழை வாயில் பக்கத்துப் பீரங்கி மேட்டுக்குப் போய்வரலாம். இரகுநாத நாயக்கர் காலத்தது எனப்படும் அந்தப் பீரங்கி வார்க்கப்பட்டதன்று. 43 நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி, அவற்றின் மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி அடுக்கடுக்காக இறக்கி, அடித்து ஒட்டிய வேலை. நீளம் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன். இத்தனை பெரிய இரும்பை ஒரே உடலாக்கத் தெரிந்த ஊருக்கு ஒரு தலைக்கவசக் கிண்ணம் அரிய வேலையாக இருந்திருக்காது.

கிண்ணம் முடிந்தாலும் தலைக்கவசம் முடிந்துவிடாது. இரும்பு நேராகத் தலையில் உட்காரக் கூடாது. இது உலகெங்கும் கவசம் செய்தவர்கள் கண்டறிந்த முதல் விதி. உலோகத்துக்கும் மண்டைக்கும் இடையில் இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியைப் பஞ்சு நிரப்ப வேண்டும். அடி விழும்போது கிண்ணம் அதைப் பரப்பும். பஞ்சு அதை மெதுவாக வாங்கும். பஞ்சு இல்லாவிட்டால் இரும்பு பிளக்காமல் இருந்தாலும் அதிர்ச்சி முழுவதும் மண்டையோட்டுக்குப் போய்விடும். 1915-ல் ஜான் பிராடி பிரிட்டிஷ் படைக்கு எஃகுத் தொப்பி வடிவமைத்தபோதும் அதன் உள்வார் அமைப்பு திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. அந்தத் தொப்பிக்கு மாங்கனீசு எஃகு தந்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு, இலங்கையின் பழைய இரும்பையும் டெல்லி இரும்புத் தூணையும் ஆராய்ந்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்க தொடர்பு.

இந்தியத் தலைக்கவசங்களில் விளிம்பை ஒட்டிச் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். கீழே தொங்கும் வளைய வலையைக் கோக்கவும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த குல்லாவைப் பிடித்துக்கட்டவும் அவை உதவின. ஆயுதக்கூடத்தில் வைத்த கவசம் ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்ததாக இருக்காது. சிற்றரசருக்கும் தளபதிக்கும் மட்டுமே அந்த வசதி. மற்றவர்களுக்கு அளவைச் சரிசெய்தது துணிதான். தலைப்பாகைத் துணியை எத்தனை சுற்று சுற்றுவது, குல்லாவில் எந்த இடத்தில் பஞ்சைக் கூட்டுவது என்பதில் கவசம் ஒவ்வொரு தலைக்கும் பொருந்தியது. காவிரிப் படுகையில் இதற்குத் தேவையான கைகள் எப்போதும் இருந்தன. சோழர் கல்வெட்டில் படைவீரராக வரும் கைக்கோளர் பிற்காலத்தில் நெசவுக்குப் பேர்போன சமூகம். நாயக்கர் காலத்தில் பட்டுநூல் நெசவாளரும் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் குடியேறினார்கள். போர்வீரனின் மண்டையைக் காத்ததில் தறிக்கும் ஊசிக்கும் உள்ள பங்கை ஆயுத வரலாறு எழுதுபவர்கள் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

பொருத்தம் சரியா என்பதைச் சில எளிய சோதனைகளால் அறியலாம். கவசத்தின் எடை உச்சியிலும் தலையைச் சுற்றிலும் பரவி நிற்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் ஒரு நாழிகைக்குள் தலைவலி தொடங்கிவிடும். நெற்றி விளிம்பு புருவத்துக்கு மேலே நிற்க வேண்டும், கீழே இறங்கினால் பார்வை மறையும். தலையை விரைந்து திருப்பும்போது கவசமும் உடனே திரும்ப வேண்டும். கண்ணும் கவசமும் வேறுவேறு திசை பார்த்தால் அந்த நொடியில் வீரன் குருடன். தக்காணத்திலும் வடக்கிலும் வழங்கிய கவசங்களில் மூக்கைக் காக்க ஒரு தண்டு உண்டு. அது ஒரு பிடிப்புக்குள் மேலும் கீழும் நகரும். நடைபயணத்தில் மேலே தூக்கிப் பூட்டிவைத்து, மோதும் நேரத்தில் இறக்கிக்கொள்வார்கள். காதையும் கழுத்தையும் வளைய வலை காத்தது. அது தோளில் தடையின்றிச் சரிய வேண்டும். வில் இழுக்கும் கையில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளக் கூடாது. வலையின் கனம் கிண்ணத்தைக் கீழே இழுத்துப் பிடித்து, தலையில் ஆடாமல் நிறுத்தவும் செய்தது.

வெயிலுக்கும் துணியே மருந்து. கிண்ணத்தின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டால் எஃகு நேர்வெயிலில் காயாது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பளபளப்பும் தெரியாது. தலைப்பாகைக்கு அடியில் சிறு இரும்புத் தொப்பி வைத்துக்கொள்வது மராட்டியர்களிடம் நன்கு வழங்கிய முறை. 1659 நவம்பர் 10-ஆம் நாள் பிரதாப்கட் அடிவாரத்தில் பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானைச் சந்திக்கப் போன சிவாஜி, உடைக்குள் வளையக் கவசமும் தலைப்பாகைக்குள் இரும்புத் தொப்பியும் அணிந்திருந்ததாகவே அந்நிகழ்ச்சி சொல்லப்பட்டு வருகிறது. அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி வெங்கோஜிதான் 1676-ஐ ஒட்டித் தஞ்சையைக் கைப்பற்றி மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். 1677-ல் சிவாஜியே தெற்கே வந்து கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்தார். குதிரைமேல் விரைந்து வந்து தாக்கித் திரும்பும் மராட்டியப் போர்முறைக்குக் கனத்த முகமூடிக் கவசம் ஒத்துவராது. தலைப்பாகைக்குள் ஒளிந்த எஃகு ஒத்துவந்தது.

காக்கும் வேலை போரைவிட நீண்டது. வியர்வையில் உப்பு உண்டு. பஞ்சுக் குல்லா அந்த உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைக்கும். வெளிப்பக்கம் பளபளவென்றிருக்கும் கவசம் உள்ளே புள்ளிபுள்ளியாக அரிக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஆகவே திரும்பியதும் குல்லாவைக் கழற்றி அலசி வெயிலில் காயவைத்து, கிண்ணத்தின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவிய பிறகே மீண்டும் கோக்க வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு இது இன்னும் கட்டாயம். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்து உப்புக்காற்று ஒரே இரவில் மெருகைக் கெடுத்துவிடும்.

எண்ணெயிலும் தேர்வு உண்டு. தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் நெடுநாள் உலராமல் நிற்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதை அடிக்கடி துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். மெல்லிய துருவைச் சாம்பலோ சலித்த செங்கற்பொடியோ எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் எடுத்துவிடலாம். பொன்கம்பி பதித்த கவசத்தில் மட்டும் இந்த முரட்டு வைத்தியம் கூடாது. அங்கே பொன், இரும்பின் மேல் நுண்ணிய கீறல்கள் போட்டு அவற்றில் தட்டி ஒட்டப்பட்டது. ஓங்கித் தேய்த்தால் பெயர்ந்து வந்துவிடும். மூசை உருக்கின் நீரோட்ட வரிகள் தெரியும் கவசமானால் மெருகேற்றியதும் வரிகள் மறைந்துபோகும். அன்னபேதிக் கரைசலைத் தடவி அவற்றை மீண்டும் எழுப்ப வேண்டும். ஒடுங்கிய இடத்தை உள்ளிருந்து மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். உலையில் பழுக்கக் காய்ச்சினால் ஒடுக்கத்தோடு வரிகளும் போய்விடும்.

வளைய வலையைப் பேணுவது தனி வேலை. ஆயிரக்கணக்கான வளையங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் பயன்பாட்டில் இருக்கும்வரை அது தானாகவே துலங்கும். மாதக்கணக்கில் தொங்கவிட்டால் வளையம் வளையத்தோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நல்ல வலையில் ஒவ்வொரு வளையமும் முனை தட்டையாக்கி ஆணியடித்து மூடப்பட்டிருக்கும். ஆணி தளர்ந்த வளையத்தை உடனே மாற்றாவிட்டால் அந்த ஓட்டை அடுத்த போரில் ஈட்டிமுனைக்கு வழிவிடும். துணிக்கும் தோலுக்கும் பகைவர்கள் வேறு: கரையான், எலி, பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்ட தோல்வாரை மறுபடி மடக்கினால் ஒடிந்துபோகும்.

இந்தப் பின்னணியில் ஆயுத பூசையின் காலம் கருதத்தக்கது. நவராத்திரி புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாசல் அது. ஆயுதங்கள் எல்லாம் கூடத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, எண்ணெய் தடவப்பட்டு, குங்குமமிட்டு வரிசையாக வைக்கப்படும் நாள் மழைக்குச் சற்று முன்னால் அமைகிறது. வழிபாட்டுக்குரிய காரணங்கள் வேறு. ஆனால் ஒரு பெரிய ஆயுதக்கூடத்தை ஆண்டுக்கொரு முறையாவது அடியோடு புரட்டிப் பார்க்க வைத்ததில் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு இருந்திருக்க முடியாது. பாயஸ் விஜயநகரத்தில் கண்ட படைப்பார்வையும் இதே பருவத்தைச் சேர்ந்தது.

18-ஆம் நூற்றாண்டில் தலைக்கவசத்தின் தேவை விரைவாகக் கரைந்தது. தஞ்சைக் குதிரைவீரர்கள் நெருங்கி வெட்டும் போரில் இன்னும் அஞ்சத்தக்கவர்களாகவே இருந்தார்கள். 1749-ல் தேவிக்கோட்டையில் ராபர்ட் கிளைவ் முன்னே நடத்திச்சென்ற சிறு ஐரோப்பிய அணியை அவர்கள் பின்னாலிருந்து பாய்ந்து பெரும்பகுதியும் வெட்டிச் சாய்த்தார்கள். கிளைவ் தப்பியது மயிரிழையில். ஆயினும் போரின் போக்கு மாறிவிட்டது. வரிசையாக நின்று சுடும் காலாட்படையின் துப்பாக்கிக் குண்டு, தலையில் தாங்கத்தக்க கனமுள்ள எந்தத் தகட்டையும் துளைத்துவிடும். பருவ ஒழுங்கும் உடைந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 சூலை, ஆகஸ்டு மாதங்களில் தஞ்சையை முற்றுகையிட்டார். ஆர்க்காட்டு நவாபுக்காக ஆங்கிலப் படை 1773 செப்டம்பரில் கோட்டையைப் பிடித்தது. ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்திலும் போர் நடந்தது. 1781-ல் ஐதர் அலியின் படை படுகையைப் பாழாக்கியபோது கொல்லர் பட்டறைகளும் நெசவாளர் தெருக்களும் அந்தத் துயரத்துக்குத் தப்பவில்லை.

அந்தக் காலத்திலும் உயிரோடு நின்றது துணிக்கவசந்தான். 1799-ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானுடையவை என்று எடுத்துச்செல்லப்பட்ட தலையணிகளில் பஞ்சு வைத்துத் தைத்தவை உண்டு. வாளின் வெட்டுக்கு அது போதும், குண்டுக்கு எதுவுமே போதாது. எனவே பாரம் குறைந்ததையே தேர்ந்தார்கள்.

அதே 1799-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டு நிர்வாகம் கைமாறியது. அரசருக்குக் கோட்டையும் அரண்மனையும் மிஞ்சின. படை என்று சொல்லத்தக்க படை அதன்பின் இல்லை. சிலேகானா என்று மராட்டியர் அழைக்கும் ஆயுதக்கூடம் மட்டும் இருந்தது. அரண்மனை வளாகத்தில் ஏறத்தாழ 190 அடி உயரத்தில் நிற்கும் கூடகோபுரம், காவற்கோபுரமாகவும் 1855 வரை ஆயுதசாலையாகவும் பயன்பட்டது. நாயக்கர் காலத்துக் கட்டாரிகளும் அங்குசங்களும் மராட்டியர் காலத்துப் பட்டா வாள்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்தன. ஊர்வலத்துக்கும் பூசைக்கும் மட்டும் வெளியே வந்தாலும் அவற்றைத் துடைத்துவைக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு, அவற்றில் எஞ்சியவை நல்ல நிலையில் இன்றும் கிடைப்பதே சான்று.

1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனையும் அதிலிருந்த சொத்தும் ஒன்றாக முத்திரையிடப்பட்டன. மூத்த ராணி காமாட்சிபாயி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859-ல் அவருக்கு எதிராக முடிந்தது: இறையாண்மை அரசு செய்த செயலை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்றது தீர்ப்பு. தனிச்சொத்தில் ஒரு பகுதி பின்னர் கருணையாகத் திருப்பித் தரப்பட்டது. ஆயுதங்களுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. 1857 கலகத்தின் அச்சம் தணியாத ஆண்டுகள் அவை. எந்த அரண்மனையிலும் ஆயுதக்கூடம் இருப்பதை அரசு விரும்பவில்லை. அருங்காட்சியகத்துக்கென்று ஒரு பகுதி பிரித்தெடுக்கப்பட்டுச் சென்னைக்குப் போயிற்று. மீதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. இந்திய ஆயுதங்கள் பற்றி 1880-ல் விரிவான விளக்கநூல் வெளியிட்ட வில்பிரகாம் எகர்ட்டன் என்ற ஆங்கிலேயரே, தஞ்சை, சென்னை ஆயுதக்கூடங்கள் இப்படி அழிக்கப்பட்டதை வருத்தத்தோடு பதிந்தார்.

இந்த இழப்பின் வகையையும் சொல்ல வேண்டும். செதுக்கு வேலையுள்ள கட்டாரி பார்ப்பவர் கண்ணைக் கவரும். அதைத் தனியே எடுத்துவைப்பார்கள். அலங்காரமில்லாத இரும்புக் கிண்ணமும் துருவேறிய வளைய வலையும் எடைக்குப் போகும் பொருள்கள். அவற்றுக்குள்ளிருந்த பஞ்சுக் குல்லாவுக்கு எடை விலைகூடக் கிடையாது. தஞ்சையின் பெயரோடு எழும்பூர் அருங்காட்சியகத்திலும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் விட்டுச்சென்ற தொகுப்பு வழியாக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இன்று இருப்பவற்றில் கட்டாரியும் வாளும் அங்குசமும் முன்னே நிற்பதற்கு இந்தத் தெரிவு முக்கியக் காரணம். மூன்று நூற்றாண்டு மழையையும் உப்புக்காற்றையும் தாங்கிய பொருள்கள் ஒரு கணக்குப் புத்தக முடிவில் போயின.

எஞ்சியதைக் காக்கும் வேலை 20-ஆம் நூற்றாண்டில் வேறொரு தொழிலாயிற்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அதன் முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன், செப்புத்திருமேனிகளின் களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கியவர், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழ ஓவியங்களையும் ஆராய்ந்தவர். இரும்புப் பொருளைக் காக்கும் இன்றைய முறை பழைய பட்டறை முறையிலிருந்து சில இடங்களில் விலகுகிறது. துருவைச் செங்கற்பொடியால் தேய்த்தெடுப்பதில்லை. அதோடு மேற்பரப்பின் தழும்பும் வாள்வெட்டின் தடமும் போய்விடும் என்பதால் டானிக் அமிலம் தடவித் துருவை அசையாத கறுப்புப் படலமாக மாற்றுகிறார்கள். எண்ணெய்க்குப் பதில் மெல்லிய மெழுகு பூசுகிறார்கள். கையின் வியர்வை படாமல் உறை அணிந்தே தொடுகிறார்கள். காட்சிப்பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைக்கிறார்கள். பழைய தலைக்கவசம் ஒன்றின் உள்ளே நூலிழையோ தோல் துணுக்கோ ஒட்டியிருந்தால் முன்போல் சுரண்டி எறிவதில்லை. விளிம்புத் துளையில் சிக்கிய ஒரு தையல் நூல், குல்லா எப்படிக் கட்டப்பட்டது, எத்தனை அடுக்குத் துணி இருந்தது, எந்தப் பஞ்சு என்பதைச் சொல்லக்கூடும். அதனால் அதை அப்படியே விட்டு, படமெடுத்துப் பதிவுசெய்து, சுற்றியுள்ள இரும்பை மட்டும் துலக்குகிறார்கள்.